முதல் வரியில் யாரோட ஆசை?



போன வாரம் அரியர் மேட்டரைக் கிளறினதுல பாதிப் பேர் என் மேல காண்டா இருக்கீங்கன்னு தெரியும். இந்த வாரம் உங்களைத் திட்டப் போறது இல்லை. சொல்லப்போனா, திட்டு எனக்குத்தான்!

ஒரு சீன் சொல்றேன். உங்க வீட்லயும் நடந்திருக்கும், இல்லைன்னா சீக்கிரமே நடக்கும்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ரெண்டு நாள் ஆகியிருக்கும். நீங்க செமஸ்டர் எழுதி முடிச்ச அலுப்புல, பத்து மணி வரைக்கும் போர்வையை விடாமப் படுத்திருப்பீங்க. வாசல்ல செருப்பு கழற்றுற சத்தம். அத்தையோ, எதிர் வீட்டு அக்காவோ, அப்பாவோட கூட வேலை பார்க்குறவரோ... கையில ஒரு மஞ்சப் பை. பைக்குள்ள மார்க் ஷீட் ஜெராக்ஸ், கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட், ஆதார் கார்டு. பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு பையனோ பொண்ணோ.

''தம்பி, நீதான் காலேஜ்ல படிக்கிறியே... இவனுக்குக் கொஞ்சம் ஆன்லைன்ல போட்டுக் குடுத்துடுப்பா!''

அவ்வளவுதான். அந்த நிமிஷத்துல இருந்து அந்தத் தெருவுக்கே நீங்கதான் கல்வி ஆலோசகர். உங்களுக்கு மூணு பேப்பர் நிலுவையில இருக்குறது அவங்களுக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல மாட்டீங்க. லேப்டாப்பைத் திறந்து கெத்தா உட்கார்ந்துடுவீங்க.

நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன் பாஸ்!

நான் போட்ட லிஸ்ட்

2022. என் சித்தி பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருந்தா. தேனிப் பக்கம் வீடு. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். அந்த வருஷம் எஞ்சினியரிங் பொதுக் கவுன்சலிங் செப்டம்பர்லதான் ஆரம்பிச்சது. நீட் ரிசல்ட்டுக்காகத் தள்ளிப் போட்டிருந்தாங்க. அந்த ரெண்டு மாசமும் அவ ஒரு நோட்டுல காலேஜ் பேரை எழுதுறதும் அடிக்கிறதுமா இருந்திருக்கா. அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அவளுக்கு சிவில் எஞ்சினியரிங் படிக்கணும். ஏன்னு கேட்டேன். அவ ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறப்போ ஸ்கூல் போற வழியில ஆத்துக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். பஸ் ஜன்னல்ல இருந்து தினமும் பார்ப்பாளாம். ''தண்ணிக்குள்ள எப்படிண்ணா தூண் நிறுத்துறாங்க?''ன்னு என்னைத் திருப்பிக் கேட்டா. எனக்குத் தெரியலை. நான் படிச்சது ஈ.சி.ஈ.!

அவ மனசுல இருந்தது வேற மாவட்டத்துல இருக்குற ஒரு அரசு எஞ்சினியரிங் காலேஜ். கட்டணம் கம்மி, பேர் நல்லா இருக்கு, சிவில் டிபார்ட்மென்ட் பழசு. கட்-ஆஃப் பக்கத்துல பக்கத்துலதான் இருந்தது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

சாய்ஸ் ஃபில்லிங் அன்னிக்கு சித்தப்பா என்கிட்ட சொன்னது இவ்வளவுதான்: ''நீ பார்த்துப் போட்டா சரியா இருக்கும் தம்பி.'' சொல்லிட்டு வண்டி எடுக்கப் போயிட்டார்.

நான் போட்டேன். முதல் வரியில, அவங்க வீட்டுத் தெரு முனைக்கே பஸ் வர்ற ஒரு தனியார் காலேஜ். ஐ.டி. பிரிவு. அவ மார்க்குக்குக் கண்டிப்பா கிடைக்கும். ரெண்டாவது, மூணாவதும் அதே மாதிரி 'சேஃப்' ஆன காலேஜ். அவ கேட்ட அரசுக் கல்லூரி சிவில்? ஏழாவது வரியில.

''அண்ணா, அது மேல இருக்கட்டுமே...''ன்னா.

''கிடைக்காதும்மா. ஃபர்ஸ்ட் சாய்ஸை எதுக்கு வேஸ்ட் பண்றே?''ன்னேன்.

அவ ஒண்ணும் பேசலை. அண்ணன் படிச்சவன், சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சிருப்பா.

தற்காலிக ஒதுக்கீடு வந்தது. முதல் வரியில இருந்த காலேஜே கிடைச்சது. வீடே சந்தோஷம். ''பார்த்தீங்களா, ஃபர்ஸ்ட் சாய்ஸே கிடைச்சிடுச்சு!''ன்னு நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அந்த ஏழாவது வரியை கம்ப்யூட்டர் படிக்கவே இல்லைங்கிறது எனக்கு அப்போ உறைக்கலை.

கம்ப்யூட்டர் என்ன பண்ணுது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா போதும், பாதி டென்ஷன் காலி. நிதானமா படிங்க.

தமிழ்நாடு எஞ்சினியரிங் சேர்க்கையில கட்-ஆஃப் மொத்தம் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்குல 84, பிசிக்ஸ்ல 78, கெமிஸ்ட்ரியில 80 எடுத்திருந்தா 84 + 39 + 40... மொத்தம் 163. இந்தக் கட்-ஆஃப் வெச்சு எல்லாரையும் வரிசையா நிறுத்துவாங்க. அதுதான் ரேங்க். ரெண்டு பேர் ஒரே கட்-ஆஃப்ல இருந்தா முதல்ல கணக்கு மார்க், அப்புறம் பிசிக்ஸ் மார்க்னு போகும்.

இப்போ ஒதுக்கீடு. ரேஷன் கடை க்யூ மாதிரி நினைச்சுக்கோங்க. முதல் ரேங்க்காரரோட லிஸ்ட்டை கம்ப்யூட்டர் எடுக்கும். முதல் வரியைப் பார்க்கும். இடம் இருக்கா? கொடுத்துடும். அடுத்த ஆள். இப்படியே வந்து உங்க தங்கச்சி முறை வரும். அவ லிஸ்ட்டோட முதல் வரி... பொதுப் பிரிவுல இடம் இருக்கா, அவ கம்யூனிட்டி ஒதுக்கீட்டுல இடம் இருக்கான்னு பார்க்கும். இருந்தா கொடுத்துடும். இல்லைன்னா ரெண்டாவது வரி. அதுவும் இல்லைன்னா மூணாவது. எங்கே முதல்ல இடம் கிடைக்குதோ அங்கே நின்னுடும். அதுக்குக் கீழே இருக்குறதை எட்டிக்கூடப் பார்க்காது.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. அவ முதல் வரியைப் பார்த்து, ''ஓ, இது இல்லையா''ன்னு ரெண்டாவது வரிக்குப் போற நேரத்துல, அவளுக்குப் பின்னாடி நிக்குறவங்க யாரும் முந்திக்க முடியாது. இன்னும் அவ முறைதான் நடந்துக்கிட்டு இருக்கு. அதனால, கிடைக்காத காலேஜை மேல போட்டா கீழே இருக்குறது கை நழுவிடும்ங்கிற பயத்துக்கு அர்த்தமே கிடையாது. முதல் பத்து வரியும் கிடைக்காத காலேஜா இருந்தாலும், பதினோராவது வரியில இருக்குற 'சேஃப்' சீட் அவளுக்காக அப்படியேதான் இருக்கும்.

ஆனா அந்த சேஃப் சீட்டை முதல் வரியில போட்டா? கதை அங்கேயே முடிஞ்சுடும். கிடைச்சிருக்கக் கூடிய நல்ல சீட்டையும் கம்ப்யூட்டர் பார்க்காது.

ஆக, 'ஃபர்ஸ்ட் சாய்ஸ் வேஸ்ட்'னு ஒண்ணு இந்த முறையில கிடையவே கிடையாது. வேஸ்ட் ஆனது ஏழாவது சாய்ஸ்!

எனக்கு ஏன் இது தெரியலை?

எனக்கு ஒரு சப்பைக்கட்டு இருக்கு. சொல்லிடறேன்.

நான் 2012-ல கவுன்சலிங் போனவன். அப்போ எல்லாம் நேர்லதான். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பாவோட ராத்திரி பஸ்ல வந்து இறங்கி, அரை டிக்கெட் சலுகைக்குக் கவுன்சலிங் லெட்டரைக் கண்டக்டர்கிட்ட காட்டி, காலையில வரிசையில நின்னு... திரையில எந்தக் காலேஜ்ல எத்தனை இடம் இருக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். உள்ளே கூப்பிட்டா, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து இருக்குற இடத்துல ஒண்ணை எடுத்துட்டு வெளியே வரணும். கனவு காலேஜ்ல இடம் இல்லைன்னா அங்கேயே தெரிஞ்சுடும். அதனால எது கிடைக்கும்ங்கிறதுதான் கேள்வியா இருந்தது. எது வேணும்ங்கிறதை வரிசையா எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

2018-ல எல்லாம் ஆன்லைனுக்கு மாறுச்சு. 2019-ல இருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பதிலா தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்த ஆரம்பிச்சது. முறை மாறிடுச்சு, என் மூளை மட்டும் 2012-லேயே நின்னுடுச்சு. நேர்ல போனப்போ இருந்த பயத்தை அப்படியே தங்கச்சியோட லிஸ்ட்ல கொட்டிட்டேன்.

இந்தப் பயம் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. 1962-ல டேவிட் கேல், லாயிட் ஷேப்லின்னு ரெண்டு அமெரிக்கக் கணித மேதைகள், காலேஜ் அட்மிஷனை எப்படி நடத்தினா யாரும் ஏமாற மாட்டாங்கன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. பக்கம் கொஞ்சம்தான், ஆனா அதுல இருந்து ஒரு துறையே முளைச்சது. அந்த வேலைக்காக 2012-ல ஷேப்லிக்கும், அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைச்சது. கேல் அதுக்கு முன்னாடியே, 2008-ல இறந்துட்டார்.

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துப் பள்ளிச் சேர்க்கையில ரொம்ப வருஷமா வேற ஒரு முறை இருந்தது. யார் ஒரு பள்ளியை 'முதல் விருப்பம்'னு எழுதினாங்களோ அவங்களுக்குத்தான் அங்கே முதல் உரிமை. அங்கே நிஜமாவே முதல் விருப்பம் வேஸ்ட் ஆகும். ஆசைப்பட்ட பள்ளியை எழுதிக் கோட்டை விட்டா, ரெண்டாவது பள்ளியில அதுக்குள்ள இடம் நிரம்பியிருக்கும். விவரம் தெரிஞ்ச பெத்தவங்க கணக்குப் போட்டு எழுதினாங்க, தெரியாதவங்க பிள்ளைங்க மாட்டிக்கிட்டாங்க. 2005-ல அந்த முறையைத் தூக்கிட்டாங்க.

நம்ம கவுன்சலிங் அந்த பாஸ்டன் முறை இல்லை. ரேங்க் வரிசையில ஒவ்வொருத்தரா கூப்பிடுற முறை. இதுல மனசுல இருக்குறதை அப்படியே வரிசையா எழுதுறதுதான் புத்திசாலித்தனம். தந்திரம் பண்ணா நஷ்டம் நமக்குத்தான்.

மூணு மார்க்

கவுன்சலிங் எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு நாள் சும்மா அந்த வருஷத்தோட கடைசிக் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த அரசுக் கல்லூரி, சிவில், அவ கம்யூனிட்டி. கடைசியா சீட் வாங்கினவங்களோட கட்-ஆஃப் இவளைவிட மூணு மார்க் கம்மி.

கம்மி!

மேல போட்டிருந்தா அவளுக்குக் கிடைச்சிருக்கும். சந்தேகமே இல்லை. நான் அந்தப் பக்கத்தை மூடிட்டு அன்னிக்கு யார்கிட்டயும் சொல்லலை.

சொல்லாமயே இருந்திருக்கலாம். ஆனா அந்தப் பொங்கலுக்கு சித்தப்பா வீட்டுக்குப் போனப்போ மனசு கேக்காம உளறிட்டேன். ''கிடைச்சிருந்தாலும் நீங்க அவ்வளவு தூரம் ஹாஸ்டலுக்கு அனுப்பியிருக்க மாட்டீங்கன்னுதான் சித்தப்பா...''ன்னு இழுத்தேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். ''நான் எப்பப்பா அனுப்ப மாட்டேன்னு சொன்னேன்? அந்த ஊருக்கு லோடு ஏத்திட்டுப் போனப்போ ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் வந்தேன். சீட்டுல எழுதிக்கூட வெச்சிருந்தேனே...''

எந்திரிச்சுப் போய் சாமி படத்துக்குப் பின்னாடி தேடினார். கிடைக்கலை. ''எங்கேயோ போயிடுச்சு, விடு''ன்னுட்டு சாப்பிடக் கூப்பிட்டார்.

அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

அவ நல்லாத்தான் படிச்சா. ஐ.டி.யில நல்ல மார்க். ஃப்ரெண்ட்ஸ், சிம்போசியம்னு ஜாலியாத்தான் இருந்தா. ஒரு படிப்பு போனா வாழ்க்கையே போச்சுன்னு நான் அழப் போறதில்லை. அவ மூணாம் வருஷம் படிக்கிறப்போ ஒரு தடவை அவங்க ஊருக்கு பைக்ல கூட்டிட்டுப் போனேன். அந்தப் பாலம் வந்துச்சு. பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு, ''அண்ணா, தண்ணியைச் சுத்தி தடுப்பு கட்டி, உள்ளே இருக்குறதை எல்லாம் இறைச்சுட்டு அப்புறம்தான் தூண் போடுவாங்களாம். யூ-ட்யூப்ல பார்த்தேன்''ன்னா.

இதைத்தான் சொல்ல வந்தேன் ஃப்ரெண்ட்ஸ். அவளோட நாலு வருஷத்தை ரெண்டு பேரோட பயம் முடிவு பண்ணுச்சுன்னு நினைச்சேன், அவளோட அப்பா பயம், என் பயம். கடைசியில பார்த்தா பயந்தது நான் ஒருத்தன் மட்டும்தான்.

நீங்க உட்காரும்போது...

மஞ்சப் பையோட உங்க வீட்டுக்கு வர்றவங்களுக்காக, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல லேப்டாப்பை மூடுங்க. ஒரு நோட்டைக் கொடுத்து, ''கட்-ஆஃபை மறந்துட்டு, உனக்கு எங்கே, என்ன படிக்க ஆசைன்னு எழுது''ன்னு சொல்லுங்க. அப்பா, அம்மா பக்கத்துல இல்லாம பத்து நிமிஷம். நீங்களும் எட்டிப் பார்க்காதீங்க. அந்த லிஸ்ட்தான் ஒரிஜினல். நீங்க செய்யப் போற எல்லாத் திருத்தமும் அதுக்கு அப்புறம்தான்.

ரெண்டாவது, வீட்ல பெரியவங்ககிட்ட வாயைத் திறந்து கேளுங்க. ''ஹாஸ்டல்ல விடுவீங்களா? வருஷத்துக்கு எவ்வளவு முடியும்? எவ்வளவு தூரம் சரி?'' மூணே கேள்வி. 'அவர் ஒத்துக்க மாட்டார்'னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. என் கதை போதும்.

மூணாவது, போன வருஷக் கட்-ஆஃப் பட்டியல். எஞ்சினியரிங் சேர்க்கை இணையதளத்துலயே காலேஜ் வாரியா, பிரிவு வாரியா, கம்யூனிட்டி வாரியா இருக்கும். அதைப் பார்க்காம விடாதீங்க. ஆனா எதுக்குப் பார்க்கணும்? லிஸ்ட்டோட அடிப் பகுதியில கண்டிப்பா கிடைக்கிற காலேஜ் போதுமான அளவு இருக்கான்னு சரி பார்க்க. மேல் பகுதியில எதை எழுதலாம், எதை எழுதக் கூடாதுன்னு முடிவு பண்ண அதைப் பயன்படுத்தாதீங்க. நான் பண்ண தப்பு அதுதான்.

நாலாவது, எத்தனை சாய்ஸ் வேணும்னாலும் கொடுக்கலாம். உச்ச வரம்பு இல்லை. அப்புறம் எதுக்குப் பத்தோட நிறுத்தணும்? தாராளமா எழுதுங்க. ஆனா ஒரு கண்டிஷன். சேர விருப்பமே இல்லாத காலேஜை 'சும்மா இருக்கட்டும்'னு போடாதீங்க. அதுவே வந்து விழுந்தா அப்புறம் முழிக்கணும்.

அஞ்சாவது, கோடு! ஒரே மாதிரி பேர்ல நம்ம ஊர்ல நாலு காலேஜ் இருக்கும். பேரைப் பார்த்து க்ளிக் பண்ணாதீங்க. கவுன்சலிங் கோடு நம்பர், பிரிவுக் கோடு ரெண்டையும் நோட்டுல எழுதிவெச்சு, ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் சரி பாருங்க. கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு இந்த வேலையை வெச்சுக்காதீங்க.

ஆறாவது, பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும். எவ்வளவு நல்ல அண்ணனா இருந்தாலும், ப்ரவுசிங் சென்டர்காரரா இருந்தாலும், 'நாங்களே போட்டுத் தர்றோம், ஃப்ரீ'ன்னு சொல்ற காலேஜ் ஆளா இருந்தாலும் கொடுக்கக் கூடாது. அது உள்ளே போனா லிஸ்ட்டே மாறிடலாம். உங்க நம்பரைக் கொடுத்துப் பதிவு பண்ணாதீங்க. அவங்க வீட்டு நம்பரையே கொடுங்க. ஓ.டி.பி. அவங்க போனுக்கே வரட்டும்.

காலேஜை எப்படி எடை போடறது?

விளம்பர போர்டுல நூறு சதவீத வேலைவாய்ப்புன்னு போட்டிருக்கும். அதை விடுங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிகள்ல எத்தனை சதவீதம் பேர் பாஸ் பண்றாங்கன்னு செமஸ்டர் வாரியா பட்டியல் வரும், பாருங்க. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பரீட்சை வைக்கிறதால, அந்த சதவீதத்தையும் இதையும் ஒண்ணா வெச்சு ஒப்பிடாதீங்க. நீங்க சேரப் போற பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. அது காலேஜுக்கு மொத்தமா கொடுக்கிறது இல்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியா கொடுக்கிறது.

சென்னைக்கு வெளியே எதுவுமே இல்லைன்னு நினைக்கிற தம்பிகளுக்கு ஒரு தகவல். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல ஆரம்பிச்சது. காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி 1952. சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966. திருநெல்வேலி 1981. பர்கூர் 1994. ஒவ்வொரு திசையிலயும் அரசு காலேஜ் இருக்கு. லிஸ்ட்ல இடம் கொடுத்தா போதும்.

எல்லாத்தையும்விட நல்ல வழி, லிஸ்ட்ல மேல இருக்குற ரெண்டு மூணு காலேஜுக்கு நேர்ல போயிட்டு வர்றது. ஆபீஸுக்குள்ள போகாதீங்க. வாசல் டீக்கடையில நில்லுங்க. அங்கே படிக்கிற பசங்ககிட்ட, ''லேப் திறந்திருக்குமா? உங்க டிபார்ட்மென்ட்ல சார் எத்தனை பேர்?''னு கேளுங்க. காலேஜ் பசங்க பொய் சொல்லத் தெரியாதவங்க இல்லை. ஆனா தங்களோட காலேஜைப் பத்தி மட்டும் ஓப்பனா பேசிடுவாங்க!

எந்தப் பட்டனை அமுக்கணும்?

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு திரையில அஞ்சு வழி காட்டும். பதற வேணாம்.

ஒண்ணு, ஏத்துக்கிட்டு சேர்றேன். இந்த சீட் போதும்ங்கிறவங்களுக்கு. ரெண்டு, ஏத்துக்கறேன், ஆனா மேல இருக்குற சாய்ஸ் காலியானா மாத்திக் கொடுங்க. மூணு, இது வேணாம், மேல இருக்குறது காலியானா மட்டும் கொடுங்க. நாலு, இது வேணாம், அடுத்த சுற்றுக்கு வர்றேன். அஞ்சு, கவுன்சலிங்கே வேணாம்.

ரெண்டாவது வழி 2022-லயே இருந்தது. கையில இருக்குற சீட்டையும் விடாம, மேலயும் ஆசைப்படலாம். யாராவது ஒருத்தர் மெடிக்கல் கிடைச்சு எஞ்சினியரிங்கை விட்டுட்டுப் போவாங்க. அந்த இடம் காலியாகும். ஆனா கவனிங்க... 'மேல'ன்னா உங்க லிஸ்ட்ல மேல. முதல் வரியில 'சேஃப்' காலேஜைப் போட்டு, அதுவே கிடைச்சுட்டா அதுக்கு மேல என்ன இருக்கு? வானம்தான் இருக்கு! என் தங்கச்சிக்கு இந்த வசதி இருந்தும் பயன்படாமப் போனது அதனாலதான்.

எதையும் அமுக்காம விட்டா ஒதுக்கீடு ரத்தாயிடும். கொடுத்த நாளுக்குள்ள பணம் கட்டிச் சேரலைன்னாலும் போயிடும். அதனால அந்தத் தேதிகளை வீட்டு காலண்டர்ல வட்டம் போடச் சொல்லுங்க. தினசரி காலண்டர் இல்லாத வீடு நம்ம ஊர்ல உண்டா என்ன?

பைக்குள்ள இன்னும் ரெண்டு பேப்பர்

மஞ்சப் பையைத் திரும்ப ஒரு தடவை தேடச் சொல்லுங்க. ஆறாம் வகுப்புல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களா? 2021-ல வந்த சட்டப்படி எஞ்சினியரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதுக்குப் பள்ளியில இருந்து சான்று வாங்கணும். அரசு உதவி பெறும் பள்ளி இதுல வராது. என் தங்கச்சி படிச்சது உதவி பெறும் பள்ளி, அதனால அவளுக்கு இது கிடைக்கலை.

குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் பட்டம் வாங்கலையா? முதல் பட்டதாரிச் சான்றிதழ். 2010-ல வந்த சலுகை, கல்விக் கட்டணத்துல ஒரு நல்ல தொகை குறையும். இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். கடைசி நாள்ல போனா கிடைக்காது, ரிசல்ட்டுக்கு முன்னாடியே போட்டு வெச்சுக்கறது நல்லது.

அப்புறம், எஞ்சினியரிங்தான் படிப்புன்னு யாரும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணலை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் 2020-ல இருந்து ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். அங்கே எஞ்சினியரிங் மாதிரி ஒரே க்யூ இல்லை. ஒவ்வொரு காலேஜும் தன்னோட ரேங்க் பட்டியலைப் போட்டுக் கூப்பிடும். பி.ஏ. தமிழ், ஆங்கிலத்துக்கு அந்த மொழிப் பாட மார்க்தான் கணக்கு, மத்ததுக்கு நாலு பாடம் சேர்த்து 400-க்கு. ரெண்டு பக்கமும் விண்ணப்பம் போட்டு வைக்கிறதுல தப்பே இல்லை. நோட்டுல அந்தப் பையன் 'பி.எஸ்ஸி. தாவரவியல்'னு எழுதினா சிரிக்காதீங்க. உங்க மூஞ்சியைத்தான் அவன் பார்த்துக்கிட்டு இருப்பான்.

கடைசியா ஒண்ணு

மஞ்சப் பையோட வர்றவங்க உங்ககிட்ட மார்க் ஷீட்டை மட்டும் கொடுக்கலை. ''எங்களுக்கு இது தெரியாது, உன்னை நம்பறோம்''னு கொடுக்கறாங்க. அந்த நம்பிக்கையைப் பார்த்து நமக்கு ஒரு கெத்து வந்துடும் பாருங்க... அதுதான் ஆபத்து. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிடுவோம். நான் சொன்ன மாதிரி.

தெரியலைன்னா, ''தெரியலைக்கா, கேட்டுச் சொல்றேன்''னு சொல்லுங்க. ஒவ்வொரு வருஷமும் கவுன்சலிங்குக்கு உதவி மையங்கள் வைக்கிறாங்க. ஒரு பஸ் பிடிச்சா போய்க் கேட்டுடலாம். கௌரவம் எல்லாம் குறைஞ்சுடாது.

ஃபில் பண்ணி முடிச்சதும், கடைசி பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி லேப்டாப்பை அந்தப் பையன் பக்கமோ பொண்ணு பக்கமோ திருப்பி வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ''முதல் வரியில இருக்குறது கிடைச்சா, நீ துள்ளிக் குதிப்பியா?''

முகத்தைப் பாருங்க. குதிப்பான்னா அமுக்குங்க. இல்லைன்னா, நோட்டை மறுபடி திறங்க.

இந்தக் கேள்வியை 2022-ல நான் கேட்டிருக்கலாம். கேக்கலை. நீங்க கேட்டுடுங்க ப்ளீஸ்!

அடுத்த வாரம், காலேஜ் சேர்ந்த முதல் மாசத்துல ஹாஸ்டல் மெஸ்ல உயிர் பிழைப்பது எப்படின்னு பார்க்கலாம். அதுவரைக்கும்... அரியர் பேப்பரையும் கொஞ்சம் புரட்டுங்க பாஸ்!